மருமகளின் சம்பளம்

அத்தியாயம் 11

பரிசோதனைக் கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. ஹரிப்பிரியா அதை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வெள்ளைக் கோட்டை மாட்டுவாள். சில வாரங்களாக அந்தச் சாவியைத் திருகுவதற்கு முன் இன்னொரு தடவை திரையைப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் எல்லோரும் ஓர் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். எண் காட்டாத அழைப்பு. திரையில் 'நோ காலர் ஐடி' என்று மட்டும் வரும். சிட்னியில் செவன் ஹில்ஸானாலும் சரி, மெல்பனில் நோபல் பார்க்கானாலும் சரி, விசாவுக்குக் காத்திருக்கும் தமிழ் வீடுகளில் அதைப் பார்த்தால் முதலில் அடுப்பை அணைப்பார்கள். பிறகுதான் போனை எடுப்பார்கள்.

காத்திருந்தது அவளுடைய மாமியார் சத்தியபாமாவின் விசாவுக்கு.

பருத்தித்துறையில் தனியாக இருந்தவர், கிணற்றடியில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்க யாரும் பார்க்காமல் கிடந்தார். அதற்குப் பிறகுதான் மகன் சுஜீதன் அவரை சிட்னிக்கு அழைத்துக்கொண்டான். அங்கிருந்த வீட்டை விற்று, நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டார்கள். அரசாங்கம் மறுத்துவிட்டது. மேன்முறையீடு செய்தார்கள். அந்த நேரம் பார்த்து, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த சுஜீதனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வேலை இல்லை. கையில் காசு இல்லை என்று எழுதிக் கொடுத்து, மேன்முறையீட்டுக் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்க வைத்தார்கள். மேன்முறையீட்டில் வென்றார்கள்.

இப்போது கடைசிப் படி. சத்தியபாமா பல வருடங்களுக்கு அரசாங்கத்தின் உதவித்தொகையைக் கேட்க மாட்டார் என்று ஒருவர் உத்தரவாதம் தர வேண்டும். தருகிறவருக்குப் போதிய வருமானம் இருக்க வேண்டும். சுஜீதன் திரும்ப வேலைக்குப் போகிறான் என்றாலும் பாதி நாள்தான். நோபல் பார்க்கில் இருக்கும் அவன் தங்கை சுஜீவாவின் கணவர் கடை வைத்திருக்கிறார். கணக்கில் அது எப்போதும் நட்டம்.

மிஞ்சியது ஹரிப்பிரியாவின் சம்பளம்.

போன வருடம் இல்லை என்று நிரூபித்த குடும்பம், இந்த வருடம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சுஜீதன் காட்டிய இடங்களில் எல்லாம் போட்டாள். அந்தக் காகிதங்களில் என்ன இருக்கிறது என்று மாமியிடம் யாரும் விளக்கவில்லை.

அன்று தேநீர் இடைவேளையில் லாக்கரைத் திறந்தபோது வீட்டிலிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக நின்றன. எல்லாம் மாமி. கிணற்றடிதான் முதலில் நினைவுக்கு வந்தது. உடனே திருப்பி அழைத்தாள்.

"பிள்ளை! அவை எடுத்தவை!" சத்தியபாமாவின் குரல் துள்ளியது.

"யாரு மாமி? விசா ஆஃபீசா?"

"ஓம் ஓம். வெள்ளைக்காரி ஒருத்தி. இடையில தமிழ்ப் பிள்ளை ஒண்டு நிண்டு மொழிபெயர்த்தது. என்ன வடிவான தமிழ் தெரியுமே! நீ எந்த இடம் மோனை எண்டு கேட்டனான். சொல்லக் கூடாதாம் அன்ரி எண்டு சிரிச்சது. எனக்குத் தெரியும், அது மானிப்பாய்ப் பக்கம்."

"உங்க மகன்கிட்ட பேசச் சொல்லுங்கன்னு சொல்லியிருந்தோமே மாமி."

"வேற ஆரும் எண்டா சொல்லியிருப்பன். இது எங்கட பிள்ளையெல்லோ. நல்லாக் கதைச்சனாங்கள்."

ஹரிப்பிரியா லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டாள். "என்ன கேட்டாங்க?"

"ஆரோட இருக்கிறியள், ஆர் பாக்கினம் எண்டு. மகன் எண்டனான். மருமகளும் செலவு செய்யிறாவோ எண்டு கேட்டவை."

"நீங்க?"

"அப்ப நான் அந்தப் பிள்ளையிட்டச் சொன்னனான், என்ர மருமகள் தங்கம், ஆனா அவளின்ர சம்பளத்தில நாங்கள் ஒரு சதமும் தொடுறேல்லை எண்டு. அது அவளின்ர காசு. அதில கை வைச்சா நீ என்ர மகனில்லை எண்டு கலியாணத்துக்கு முதலே சுஜீதனுக்குச் சொல்லிப் போட்டன். நாளைக்கு அவள் தனியப் போறதெண்டாலும் ஆரிட்டையும் கை நீட்டக் கூடாது எண்டு சொன்னனான். அந்தப் பிள்ளைக்குச் சரியான சந்தோசம்."

ஹரிப்பிரியா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமி, அந்தப் பொண்ணு அதையெல்லாம் இங்கிலீஷ்ல சொன்னாங்களா?"

"எதை?"

"காசைத் தொடுறதில்லைன்னு நீங்க சொன்னதை."

மறுமுனையில் நாற்காலி இழுபடுவது கேட்டது.

"நான் அந்தப் பிள்ளைக்கெல்லோ சொன்னனான்," என்றார் சத்தியபாமா மெதுவாக. "கந்தோருக்குச் சொல்லேல்லையே."

விசா அலுவலகமும் கேட்கிறது என்று நினைக்காமல், வீட்டுக்கு வந்த ஒருத்தியிடம் மருமகளைப் பற்றிப் பெருமை பேசுவது போலப் பேசியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளரின் வேலை, காதில் விழும் ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பக்கம் தள்ளுவது. அது அவருக்கு யாரும் சொல்லித் தராத விஷயம்.

ஹரிப்பிரியாவால் கோபப்படக்கூட முடியவில்லை. மாமி அந்தக் காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞராக இருந்தவர். மாதக் கடைசியில் சம்பளக் கவரைப் பிரிக்காமலே மாமியார் கையில் வைத்தவர். தன் வீட்டுக்கு வருகிறவளுக்கு அது நடக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம். அதனால் வாடகையும் சாப்பாடும் சுஜீதனின் கணக்கிலிருந்து. அவள் சம்பளம் அவள் பெயரில் தனிக் கணக்கில், என்றோ வாங்கப்போகும் வீட்டுக்காக. சுஜீதனுக்கு வேலை இல்லாத மாதங்களில்கூடக் கடன் வாங்கிச் சமாளித்தார்களே தவிர, அதைத் தொடவில்லை.

'என் சம்பளம் என் கையிலதாம்மா இருக்கு' என்று கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெருமைதான் இப்போது அவர்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது.

விசா முகவர் பாலகிருஷ்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. 'ரெண்டு பேரும் வாங்க. இன்னைக்கே.'

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஹோம்புஷுக்கு ரயில் ஏறினாள். வழியெல்லாம் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். பிறகு, அதிர்ந்தால் தெரியாதே என்று நிமிர்த்தி வைத்தாள். பிறகு மறுபடி கவிழ்த்தாள்.

பாலகிருஷ்ணனின் அலுவலகம் ஒரு தோசைக் கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டில் சாம்பார் வாசம். சுஜீதன் முந்தியே வந்திருந்தான். கிடங்கின் மஞ்சள் மேற்சட்டையைக் கூடக் கழற்றவில்லை. ஒரு கை இடுப்பில்.

"அம்மா அழுறா," என்றான் அவளைப் பார்த்ததும். "நீர் ஏதும் சொன்னனீரோ?"

"நான் ஒண்ணுமே சொல்லல சுஜி."

பாலகிருஷ்ணன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். மதுரைக்காரர். கெட்ட செய்தியைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் ஃபீஸைக் குறைக்கச் சொன்னது பிரச்சினை இல்ல. அப்ப உங்களுக்கு வேலை இல்ல, உண்மையைச் சொன்னோம். இப்ப விஷயம் வேற. உத்தரவாதம் தர்றது ஹரிப்பிரியா. வருமானம் அவங்களோடது. ஆனா அந்தக் காசு எங்க வீட்டுக்கே வர்றதில்ல, அவ தனியாப் போனாலும் போவான்னு அம்மா சொல்லியிருக்காங்க. அங்க உக்காந்திருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க சார்?"

"பேருக்கு ஒருத்தரைப் போட்டிருக்காங்கன்னு நினைக்கலாம். இல்லேன்னா, இந்தப் பொண்ணைக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கியிருக்காங்கன்னு நினைக்கலாம்."

சுஜீதன் சிரித்தான். "கட்டாயமோ? இவவையோ? அண்ணை, நேற்றுக் குப்பை வாளியை வெளியில வைக்க மறந்ததுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

பாலகிருஷ்ணன் சிரிக்கவில்லை. சுஜீதனின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஹரிப்பிரியாவைத் தனியாக் கூப்பிட்டுப் பேசுவாங்க. இன்னைக்கே கூப்பிட்டாலும் ஆச்சரியம் இல்ல. எதையும் ஜோடிக்காதீங்கம்மா. எல்லாம் புரிஞ்சு, நீங்களா விரும்பிக் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னாப் போதும். சுஜீதன் விளக்கமாச் சொல்லியிருப்பாரே, நாளைக்கு நீங்க பிரிஞ்சு போனாலும்..."

"ஓம் அண்ணை, எல்லாம் சொல்லியிருக்கிறன்." சுஜீதன் எழுந்துவிட்டான். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. "அம்மா தனிய இருக்கிறா. நாங்கள் வாறம்."

முதுகு பிடித்தவன் அவ்வளவு சட்டென்று எழுந்து அவள் பார்த்ததில்லை.

ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெளியே மெலிந்த குளிர்கால வெயில்.

"பிரிஞ்சு போனாலும்னு என்னமோ சொல்ல வந்தாரே. என்ன அது?"

"அது சும்மா. சட்டக் கதை."

"என்ன சட்டம்?"

"வீட்ட போய்க் கதைப்பம், பிரியா."

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் அவன் பிம்பத்தைப் பார்த்தாள். அதற்குள் அவன் கைப்பேசி அடித்தது. இருவரும் துள்ளினார்கள். சுஜீவா.

"அண்ணா, அம்மாவிட்ட ஏன் போனைக் குடுத்திட்டுப் போனனீங்கள்?" ஒலிபெருக்கி போடாமலே பெட்டி முழுக்கக் கேட்டது. "அம்மாவைத் தெரியாதே? ரோங் நம்பர்காரனையே சாப்பிட்டியோ எண்டு கேக்கிற மனுசி!"

"சரி, விடு."

"அண்ணியிட்டக் குடுங்கோ."

ஹரிப்பிரியா வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, பயப்பிடாதேங்கோ. இனி உங்கட வாயில வாற சொல்லுத்தான். நீங்கள் ஓம் எண்டா அம்மா இஞ்சை. இல்லையெண்டா அவ பிளேன் ஏறோணும். அங்க வீடும் இல்லை, ஆக்களும் இல்லை. யோசிச்சுக் கதையுங்கோ, என்ன?" பின்னால் கைக்குழந்தை வீறிட்டது. "வைக்கிறன்."

பயப்படாதே என்று சொன்னவள், பயத்தின் முழு எடையையும் அவள் மடியில் இறக்கிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சமையல் வாசம் இல்லை. குசினியில் சத்தியபாமா ஒரு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் போட்ட தேநீர் ஆடை படிந்து அப்படியே இருந்தது. அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் மேல், வந்த நாளிலிருந்து அலமாரி மேலேயே கிடந்த நீலப் பயணப்பெட்டி.

"அம்மா, அதை ஏன் இறக்கினனீங்கள்? உங்களுக்கென்ன விசரே?"

"தூசி துடைப்பம் எண்டு," என்றார் சத்தியபாமா. பிறகு மருமகளைப் பார்த்தார். "நான் பிழை விட்டிட்டன், என்ன பிள்ளை?"

"இல்ல மாமி. நீங்க என்னைப் பத்தி நல்லதுதான் சொன்னீங்க."

"திரும்ப எடுத்தா சொல்லுறன், நான் சொன்னது பொய்யெண்டு. உன்ர காசிலதான் சாப்பிடுறன் எண்டு சொல்லுறன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஹரிப்பிரியா தேநீரைக் கொட்டிவிட்டுக் கெட்டிலில் புதிதாகத் தண்ணீர் வைத்தாள்.

தண்ணீர் கொதிப்பதற்கு முன் அவள் கைப்பேசி மேசையில் அதிர்ந்தது.

நோ காலர் ஐடி.

சத்தியபாமா எழுந்து, கொதிக்க இருந்த கெட்டிலை அணைத்தார்.

"ஹலோ?"

ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். இதமான குரல். தன் பெயர் மோனிகா என்றது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றாள் ஹரிப்பிரியா.

"உங்கள் அருகில் யாராவது இருக்கிறார்களா?"

எதிரே கணவன். அவனுக்குப் பக்கத்தில் மாமியார். இருவரின் கண்களும் அவள் வாயில்.

"ஒரு நிமிடம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்முற்றத்துக்கு வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்துவதைச் சத்தியபாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

துணிக்கொடியின் கீழே நின்றாள். ஸ்வெட்டர் உள்ளேயே கிடந்தது. காற்று கழுத்தில் இறங்கியது.

"இப்போது தனியாக இருக்கிறேன்."

"நல்லது. பயப்பட ஒன்றும் இல்லை," என்றார் மோனிகா. அன்று அதைச் சொன்ன இரண்டாவது ஆள். "இந்த உத்தரவாதம் என்னவென்று உங்களுக்கு விளக்கினார்களா?"

"ஆமாம். என் மாமியாருக்கு நாங்கள் பொறுப்பு."

"நாங்கள் இல்லை. நீங்கள். உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவர் அரசாங்கத்திடம் உதவித்தொகை வாங்கினால், அந்தத் தொகையை உங்களிடம் திரும்பக் கேட்போம். நீங்கள் உங்கள் கணவரைவிட்டுப் பிரிந்தாலும் அது மாறாது. நீங்கள் வேறு ஊருக்குப் போனாலும் மாறாது. இது உங்களுக்குத் தெரியும்தானே?"

ஹரிப்பிரியா கண்ணாடி வழியே பார்த்தாள். சுஜீதன் அவளைப் பார்க்கவில்லை. தலை குனிந்து மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரியும். முதலிலேயே தெரியும்.

"ஹலோ? இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன்."

"நீங்களாக விரும்பித்தான் இதைச் செய்கிறீர்களா? வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம். ஏன் என்று யாருக்கும் சொல்ல மாட்டோம்."

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்கள். நல்ல பிள்ளை என்றார்கள். விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஒரு முகம் தெரியாத பெண் கேட்டதும், பதில் வாய் நுனியில் இருக்கும் என்று நினைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. காற்றுக்குத் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவு நகர்ந்தது.

சத்தியபாமா. ஆங்கிலம் தெரியாதவர், அவள் தோளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கையில் அவளுடைய ஸ்வெட்டர். கிட்ட வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவள் தோள்மேல் போர்த்தினார். கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டார்.

"கூதல் பிள்ளை," என்றார் மிக மெதுவாக. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"யாரோ பேசினார்களே?" மோனிகாவின் குரலில் இதம் குறைந்திருந்தது. "யார் அது?"

"என் மாமியார். எனக்கு ஸ்வெட்டர் கொண்டுவந்தார்."

தட்டச்சு ஒலி கேட்டது. டக் டக் டக்.

"நீங்கள் தனியாகப் பேசும்போது அவர் அங்கே வந்தார். சரியா?"

"இல்லை, குளிர் என்று... அவருக்கு ஆங்கிலம் தெரியாது..."

டக் டக் டக்.

காலையில் ஒரு பெருமை. இப்போது ஒரு ஸ்வெட்டர். இந்த வீட்டில் அன்பாகச் செய்கிற எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது வேறொன்றாக ஆகிவிடுகிறது.

"இதைப் போனில் முடிக்க வேண்டாம்," என்றார் மோனிகா. "வியாழக்கிழமை காலை எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வாருங்கள். தனியாக. அதுவரை நன்றாக யோசியுங்கள். உங்கள் மாமியாரின் கோப்பு அதுவரை இப்படியே இருக்கும்."

அழைப்பு முடிந்தது.

ஹரிப்பிரியா ஸ்வெட்டருக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அதில் மாமியின் அலமாரிக் கற்பூர வாசம் இருந்தது. துவைத்து மடித்து அங்கேதான் வைத்திருப்பார் போல.

"என்னவாம் பிள்ளை?" சத்தியபாமா கெட்டிலை மறுபடி போட்டார்.

"வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க மாமி. என்னை மட்டும்."

"ஏன் உன்னை மட்டும்?"

சுஜீதன் இப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "பிரியா, அவை எல்லாம் விளங்கப்படுத்தினவையோ?"

"சொன்னாங்க. நீங்க சொல்லாததையும் சேத்து."

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. யாரும் அதை அணைக்கப் போகவில்லை. சத்தியபாமா மருமகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுத்த பெண்ணின் முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"சுஜீதன்," என்றார். மகனை எப்போதும் கூப்பிடும் 'மோனை' இல்லை. "என்னத்துக்கு இவளிட்டக் கையெழுத்து வாங்கினனீ?"